மன்னார்க் கரையில் மாணவ ஆசிரியர்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் பற்றியே எழுதியுள்ளனர். பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார், காணி கொடுத்தவர் யார் என்பனவற்றை நினைவு மலர்கள் மறவாது பதிந்து வைத்திருக்கின்றன. ஆனால், கையில் பாடக்குறிப்புக் கொப்பியுடன் வந்திறங்கி, சில வாரங்களோ சில மாதங்களோ ஒரு வகுப்பின் முன் நின்றுவிட்டுப் போய்விடும் மாணவ ஆசிரியரைப் பற்றி அம்மலர்களில் ஒரு வரியும் கிடையாது. அவர் முழு ஆசிரியருமல்லர், வெறும் மாணவருமல்லர். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வகுப்பு இடாப்பிலும் இல்லை. ஆயினும் கரையோரக் கிராமங்களின் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவரே ஒரு தவணையின் கணிதம், அவரே ஓராண்டின் தமிழ்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? யாருடைய தேவைக்காகப் படைக்கப்பட்டார்? அவர் பெறும் பயிற்சியால் உண்மையில் பயனடைபவர் யார்? மன்னார்த் தீவையும் அதனை அடுத்த பெருநிலக் கரையையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இன்றைய நடைமுறையை நோக்குவோம். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் கல்வியியற் கல்லூரிகளுக்கு வழிவகுத்தது. வன்னிக்கு வவுனியாவிலும், குடாநாட்டுக்குக் கோப்பாயிலும் பின்னர் அத்தகைய கல்லூரிகள் அமைந்தன. அங்கே இரண்டாண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்போர், மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலைக்கு அனுப்பப்படுவர். கட்டுறு பயில்வு என்பது அந்த மூன்றாம் ஆண்டுக்கு ஏட்டிலுள்ள பெயர். மக்கள் வழக்கில் 'பயிற்சி ரீச்சர்', 'பயிற்சி சேர்'. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின் கல்வியியல் டிப்ளோமா பயில்வோரும் சில வாரங்கள் இவ்வாறே வகுப்பறையில் நின்று பயில வேண்டும்.

பேசாலைக்கோ தலைமன்னாருக்கோ காலை பஸ்ஸில் போகிறவர்கள் இவர்களைக் கண்டிருப்பர். முதல் நாளிரவு நெடுநேரம் விழித்து எழுதிய பாடக்குறிப்பு மடியிலிருக்கும். நோக்கம், அறிமுகம், விருத்தி, முடிவு, மதிப்பீடு என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டங்கள் கீறி நிரப்பியிருப்பர். மட்டையில் வெட்டிய எழுத்துகளும், கையால் வரைந்த படங்களும் ஒரு பையில் இருக்கும். பாடசாலையை அடைந்ததும் என்ன நடக்கிறது? அன்று வராத ஆசிரியரின் வகுப்பு அவருக்காகக் காத்திருக்கிறது. அவர் ஆயத்தம் செய்தது ஏழாம் வகுப்புத் தமிழ். அனுப்பப்படுவதோ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக்கு. பக்கத்தில் இருந்து பிழை திருத்த வேண்டிய மூத்த ஆசிரியருக்கும் தம் வகுப்புடன் இன்னொரு வகுப்பு. ஆகவே பயிலவந்தவர் தனியே நின்று, தன் பிழைகளிலிருந்தே பயில்கிறார். அப்பிழைகளின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதைப் பின்னர் காண்போம்.

இக்கரையின் வகுப்பறைக்கென்று ஒரு காலக்கணக்குண்டு; அது கல்வி அமைச்சின் தவணைக் கணக்கன்று, காற்றின் கணக்கு. வாடைக் காற்று எழுந்தால் தீவின் வடகரை கொந்தளிக்கும். சோளகம் எழுந்தால் தென்கரை. தொழில் கரை மாறும்போது குடும்பங்களும் வாடிகளுக்குப் பெயரும், பிள்ளைகளும் பெயர்வர். கரவலை இழுக்கும் நாளில் பன்னிரண்டு வயதுப் பையனின் கையும் கயிற்றில் இருக்க வேண்டும். வலை சம்மாட்டியுடையது, இழுப்பவனுக்குப் பங்கு. கைகள் குறைந்தால் வீட்டுக்கு வரும் பங்கும் குறையும். கல்லூரியில் படித்த பிள்ளை உளவியல் இதனைப் 'பாடத்தில் ஆர்வமின்மை' என்று கூறும். இது ஆர்வத்தின் குறையன்று. உழைப்பின் பங்கீட்டில் உள்ள குறை.

இனி வரலாற்றுக்கு வருவோம். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறை ஐரோப்பா நமக்குத் தந்த கொடையென்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. தமிழகத்திலும் ஈழத்திலும் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். மூத்த மாணவனான அவன், இளையோரின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தெழுதுவித்தான். அவர்கள் சொல்லும் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான். 1789 இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் அநாதைப் புதல்வருக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் செய்விக்க முயன்றபோது அங்கிருந்த ஆசிரியர் இணங்கவில்லை. பெல் அப்பொறுப்பை ஒரு சாதாரணப் படைவீரனின் மகனாகிய எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். ஜோன் பிரிஸ்கென் என்பது அவன் பெயர். அச்சிறுவன் மணலைப் பரப்பி அரிச்சுவடி வகுப்பை நடத்திக் காட்டினான். பெல் 1797 இல் லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரிலே 1833 இல் திறக்கப்பட்ட ஒரு கல்லூரி இன்றும் சென்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எழும்பூரின் மணல் இங்கிலாந்துக்கு ஏன் இனித்தது? அங்கே ஆலைகள் பெருகிய காலம் அது. உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டும். ஆனால் அதற்குப் பணம் செலவாகக் கூடாது. ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கியாள இம்முறை வழி காட்டிற்று. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் துணைவன். லண்டனில் அவன் ஆசிரியருக்குப் பதிலாள் ஆனான். 1846 இல் கே சட்டில்வேர்த் என்ற கல்வி அதிகாரி இதனைச் சற்றே சீர்திருத்தி, பதின்மூன்று வயது நிரம்பியோரை ஐந்தாண்டுக்குத் தொழில் பழகுவோராகப் பள்ளியில் அமர்த்தினார். ஆண்டுக்கு 10 பவுண் முதல் 20 பவுண் வரை உதவித்தொகை. மாணவ ஆசிரியர் என்ற பெயர் இவ்வாறே நிலைபெற்றது. செல்வரின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் இத்தகையோர் பாடம் நடத்தவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மன்னாருக்கு இது எவ்வாறு வந்தது? இக்கரை அதற்கு முன்பே பள்ளியையும் பரிசோதகரையும் கண்டதுண்டு. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோவிற்பற்றுகளில் பள்ளிகளை நடத்தினர். அவர்களுடைய பள்ளி ஆசிரியர் படிப்பித்தவர் மட்டுமல்லர். பிறப்பையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பிலே பதிந்த அரசின் கணக்கருமாவார். வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தண்டம். செபங்களை ஒப்புவிக்கத் தெரியுமா என்று பார்க்கக் காலந்தோறும் பரிசோதனை. பிள்ளை என்ன அறிந்தது என்பதைவிட அதிகாரிக்கு என்ன காட்டப்பட்டது என்பதே பெரிதாகும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது.

ஆங்கிலேயர் காலத்தில், 1869 இல் பொதுக் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் முன்னிலையில் தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்ப நன்கொடை என்ற விதி, இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது. மிசனரிமார் கோயிலருகே எழுப்பிய ஓலைக் கொட்டில் பள்ளிகள் இந்நன்கொடையை நம்பியே வாழ்ந்தன. தேறும் பிள்ளை பணம். தேறாத பிள்ளை பாரம். கடலுக்குப் போகும் பையன் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருப்பான் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

பயிற்சிக்கான நிலையங்களோ தொலைவில் இருந்தன. அரசாங்க ஆசிரியர் கல்லூரி 1903 இல் கொழும்பிலே தொடங்கப்பட்டது. தமிழ் ஆசிரியருக்கான கோப்பாய் ஆசிரியர் கலாசாலை 1923 இல் எழுந்தது. கத்தோலிக்கர் கொழும்புத்துறையிலும் சைவர் திருநெல்வேலியிலும் தத்தம் கலாசாலைகளை நடத்தினர். பின்னைய மூன்றும் குடாநாட்டில். மன்னாரிலிருந்து பயிலப் போனவர் அங்கே பயின்றார். அங்கே கற்பித்துப் பழகினார். வாய்ப்புக் கிடைத்தால் அங்கேயே தங்கியும் விட்டார். மன்னாருக்கு வந்தவர்கள் பலர் முதல் நியமனத்துக்காக வந்தவர்கள், பழகியதும் திரும்பினர். இரயில் 1914 இலேயே தலைமன்னாருக்கு வந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் தங்குவதற்கான வழி வரவில்லை. குடாநாட்டிலும் எல்லாருக்கும் இக்கதவு திறந்திருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சாதியின் பெயரால் வாங்கும் சமபோசனமும் மறுக்கப்பட்ட பிள்ளைகள், ஆசிரியராவது இருக்கட்டும், மாணவராவதற்கே போராட வேண்டியிருந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1940களில் எழுப்பிய குரலின் பொருள் இதுவே.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று நாட்டிய மத்திய பாடசாலைகளில் ஒன்று எருக்கலம்பிட்டியிலும் அமைந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. கோயில் முகாமையாளரின் தயவை எதிர்பாராமலே ஒரு வலைகாரரின் மகனும், ஒரு பீடி சுற்றுபவரின் மகளும் ஆசிரியராகலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. இதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. பொதுமக்களின் நெடுநாட் கோரிக்கையின் வெற்றி அது. எனினும் உடைமை மாறிற்றே தவிர, பங்கீடு மாறவில்லை. நகரப் பாடசாலைக்குப் பழுத்த ஆசிரியர், கரையோரப் பாடசாலைக்குப் பயிலும் ஆசிரியர் என்ற பழைய விதி, இடமாற்றச் சுற்றறிக்கையின் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. 'கஷ்டப் பிரதேசம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே சில ஆண்டுகள் கழிப்பது ஆசிரியருக்குக் கஷ்டம். ஆயுள் முழுவதும் கழிக்கும் பிள்ளைக்கு அதற்கு என்ன பெயர்?

பின்னர் போர் வந்தது. 1990 இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்களை ஊரைவிட்டு வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வாழ்ந்தோர் உடுத்த உடையோடு வள்ளங்களில் கல்பிட்டிக் கரையை அடைந்தனர். ஒரே கடலில் தொழில் செய்த மக்களைப் பிரித்த அநீதி அது. தமிழ் எழுதும் எவரும் அதனை மறைத்துச் செல்லல் தகாது. தமிழர்களோ ஒருபுறம் இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும், மறுபுறம் மடுத் திருத்தலத்தின் நிழலுக்கும் ஓடினர். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களிலும், மடுவின் மரநிழல்களிலும் வகுப்புகள் நடந்தன.

அவ்வகுப்புகளை நடத்தியவர் பலர் கலாசாலை வாசலை மிதித்தவரல்லர். உயர்தரம் எழுதிய, எழுதாத இளைஞரும் யுவதிகளும் அவர்கள். தொண்டர் ஆசிரியர் என்று பெயர். பெயரிலேயே சம்பளமின்மை அடங்கியிருந்தது. இரண்டு நூறாண்டுகளுக்கு முன் எழும்பூரின் எட்டு வயதுச் சிறுவன் செய்ததையே அவர்களும் செய்தனர்: தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் பயிற்சிக்காக அங்கே நிற்கவில்லை, பிள்ளைகளுக்காக நின்றார்கள். பிள்ளைகளின் வீடுகளை அறிந்திருந்தார்கள். யாருடைய தகப்பன் திரும்பவில்லை என்பதை அறிந்திருந்தார்கள். மேற்பார்வைக்கு எவரும் வராத அந்த வகுப்புகளே, பிள்ளையை மையமாகக் கொண்ட வகுப்புகளாய் அமைந்தன. போர் முடிந்தபின் நிரந்தர நியமனத்துக்காக இவர்களே வீதியில் அமர்ந்து கோர வேண்டியிருந்தது என்பது நம் காலத்தின் வெட்கக்கேடு.

2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 இல் இரயில் மீண்டும் தலைமன்னாரை எட்டியது. பாலத்தைக் கடந்து பயிற்சி ஆசிரியர்களும் வந்தனர். அவர்களுள் நானும் ஒருவன். தீவின் கரையோரப் பாடசாலையொன்றில் என் கற்பித்தற் பயிற்சியை நிறைவு செய்தேன். அங்கு நான் செய்த ஒரு பிழையை இங்கு கூறுவது பொருத்தமாகும்.

எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத மூவர் இருந்தனர். அவர்களில் ஒருவன், மாதோட்டப் பாங்கில் ஒரு நாட்டுக்கூத்தின் பெரும் பகுதியை மனப்பாடமாகப் பாடுவான். பேரனார் அண்ணாவியாரிடம் ஆடியவர். மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாள் நெருங்கியது. பாடம் ஒரு செய்யுள். பிள்ளைகள் முறைமுறையாக வாசிக்க வேண்டும். அன்று காலை, எவரும் என்னைக் கேட்காமலே, அம்மூவரையும் அழைத்துப் பாடசாலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிட்டேன். பாடம் சிறப்பாக நடந்தது. நல்ல புள்ளி கிடைத்தது. மறுநாட் காலையில் கூத்துப் பாடும் பையன் வாசலில் நின்று, "சேர், இண்டைக்கும் தண்ணி ஊத்தவோ?" என்று கேட்டான். அவன் குறைகூறவில்லை. தன் இடம் அதுவென்று அறிந்தவனாய்க் கேட்டான்.

தனிமனிதனின் பலவீனமென்று இதனை ஒதுக்கிவிட நான் முதலில் விரும்பினேன். ஆனால் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தத் தண்ணீர் வாளியை என் கையில் தந்தது எதுவென்பது புலனாயிற்று. தோம்பைப் பார்க்க வந்த ஒல்லாந்தப் பாதிரியாருக்கு முன்னும், நன்கொடையை அளக்க வந்த ஆங்கிலப் பரிசோதகருக்கு முன்னும், இயலாத பிள்ளை காட்டத்தகாத பிள்ளையே. காட்டப்படுவதற்கே கற்பித்தல் என்ற முறை நிலைக்கும்வரை, வறிய பிள்ளையின் வகுப்பறை பிறருடைய சான்றிதழுக்கான பரிசோதனைக் களமாகவே நிலைக்கும். என் புள்ளி அம்மூவரின் வரவின்மையால் ஈட்டப்பட்டது. பிழையின் விலையைக் கொடுப்பவர் யார் என்ற வினாவுக்கு இதுவே விடை.

பின்னர் அந்தப் பையனின் வீட்டுக்குச் சென்றேன். "கரவலைக்குப் போகாவிட்டால் பங்கு இல்லை, சேர், பள்ளிக்கூடம் போனாலும் வாசிப்பு இல்லை" என்றார் தாயார். இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது எந்த விரிவுரையிலும் நான் கேளாத கல்விச் சமூகவியல். எஞ்சியிருந்த வாரங்களில், அவன் பாடும் கூத்துப் பாட்டையே அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதி, அதையே அவனுக்கு வாசிப்புப் பாடமாக்கினேன். தன் வாய்ச் சொல்லைக் கடதாசியில் அடையாளங் கண்ட நாளில் அவன் விரல் வரிகளின் மேல் ஓடிற்று. சில பாட்டுகளை வாசிக்கக் கற்றான். அதற்குள் என் பயிற்சிக் காலம் முடிந்தது. நான் புறப்பட்டேன், அவன் இருந்தான். அவனுக்குப் பின்னும் பாடம் சொல்ல எவரும் இருந்தாரா என்பதை என் பயிற்சிப் பதிவேடு கேட்கவில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெயின்றி வள்ளங்கள் கரையில் கிடந்தன. எரிபொருளின்றிப் பாடசாலைகளும் மூடப்பட்டன. நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது எதுவென்று அப்போது மீண்டும் கண்டோம். செலவைச் சுருக்குமாறு கூறப்படும் அரசு, வெற்றிடங்களை நிரப்பக் கிடைக்கும் மலிந்த கையாகப் பயிலுநரையே நாடும். மாணவ ஆசிரியர் ஒருபுறம் மலிந்த உழைப்பு. மறுபுறம் கரையோரப் பிள்ளை மலிந்த பயிற்சிக் கருவி. இருவரும் எதிரிகளல்லர்; ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

ஆகவே மாணவ ஆசிரியரைக் கரையோரப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாமென்பது நம் வாதமன்று. அனுப்பவே வேண்டும்; நாட்டை அறியாதவன் எவருக்கும் கற்பிக்க மாட்டான். ஆனால் வெற்றிடத்துக்குப் பதிலாளாக அல்ல, பழுத்த ஆசிரியர் ஒருவரின் துணைவராக அனுப்பப்பட வேண்டும். அந்தப் பழுத்த ஆசிரியர் அங்கே தங்குவதற்கு வீடும், போக்குவரத்தும், தகுந்த படியும் அளிக்கப்பட வேண்டும். முசலியிலும் தலைமன்னாரிலும் பிறந்த பிள்ளைகள் பெருந்தொகையாகக் கல்வியியற் கல்லூரிகளுக்குள் வர வேண்டும். மேற்பார்வைக்கு வருபவர், பாடக்குறிப்பின் கட்டங்களைப் பார்க்குமுன், அன்றைய இடாப்பைத் திறந்து, வராத பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டும். பயிலுநரின் புள்ளி, வகுப்பின் கடைசிப் பிள்ளை ஒரு தவணையில் எவ்வளவு தூரம் வந்தது என்பதைக் கொண்டு அளக்கப்பட வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய இவ்வேட்டின் வாசகர் பலர் இத்தகைய பயிற்சியைக் கடந்தவர்கள், அல்லது கடக்க இருப்பவர்கள். சங்கக் கூட்டங்களில் சம்பளத்தையும் இடமாற்றத்தையும் பற்றிப் பேசுகிறோம்; பேசவே வேண்டும். அத்துடன், மேற்பார்வை நாளன்று தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் பேசத் தொடங்குவோம். அவர்களை வகுப்புக்குள் அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, அவர்கள் தடுமாறி வாசிப்பதை மேற்பார்வையாளர் முன்னிலையில் பொறுமையுடன் கேட்கும் துணிவு ஒவ்வொரு மாணவ ஆசிரியருக்கும் வேண்டும். அதற்காகக் குறையும் புள்ளிகளைக் குறைவென்று கருதாத கல்லூரியும் வேண்டும்.